அட்டையில் மூன்று பேர்

நவம்பர் 17, திங்கள்

அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுக்கும் டைரி வேறு, இது வேறு. அந்த டைரியில் எல்லாம் நேரத்துக்கு நடக்கும். கருவமுனை கிராம நிர்வாக அலுவலர் தியாகசுந்தரம் எட்டு மணிக்குப் புலத்தணிக்கை செய்வார், பத்து மணிக்குப் பொதுமக்களைச் சந்திப்பார், யார் மீதும் எரிந்து விழ மாட்டார். இதில் எழுதுகிறவனுக்கு இரத்தக் கொதிப்பு உண்டு.

வங்கக் கடலில் தாழ்வு மண்டலமாம். வெள்ளிக்கிழமை வாக்கில் நம் பக்கம் புயலாக வரலாமாம். காலையிலிருந்து தாலுகா வாட்ஸ்அப் குழுவில் அறுபத்தெட்டுச் செய்திகள். அதில் நாற்பது "சரிங்க ஐயா". நானும் ஒன்று போட்டேன். போடாவிட்டால் கேட்பார்கள்.

மாலைக்குள் ஊரின் அத்தனை வீடுகளுக்கும் பட்டியல் வேண்டுமாம்: கதவு எண், வீட்டின் வகை, எத்தனை பேர். "நேரில் சென்று எடுக்கவும்." இருநூற்றுப் பதினான்கு வீடு, மூன்று மணி நேரம். எனக்கு இரண்டு கால்தான். ரேஷன் அட்டைப் பதிவேட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்த இடத்திலேயே நிரப்பினேன். எங்கள் வீட்டில் ஆரம்பித்தேன். மேலத்தெரு 2/14, காங்கிரீட் வீடு, மூன்று பேர். வடக்குத் தெருவின் கடைசி வீட்டில் முடித்தேன். கூரை வீடு, இரண்டு பேர்.

டீ கொண்டு வந்த செங்கமலம் தோளுக்கு மேலாகப் பார்த்தாள்.

"நம்ம வீட்டுல மூணு பேரா?"

"அட்டையில அப்படித்தான் இருக்கு."

அவள் உள்ளே போய்விட்டாள். பதிலை அடுக்களையில் பாத்திரங்கள்தான் சொல்லின.

நவம்பர் 18, செவ்வாய்

மணல் மூட்டை வந்தது. நூற்றைம்பது கேட்டால் நாற்பது. "அடுக்கிப் புகைப்படம் அனுப்பவும்." வாய்க்கால் கரையில் அடுக்கி அனுப்பினேன். "பள்ளிக்கூடத்துக்கு இல்லையா?" நானும் பக்கிரிசாமியும் நாற்பதையும் மீன் வண்டியில் ஏற்றிப் பள்ளிக்கூடத்தில் அடுக்கினோம். "மதகு?" மறுபடியும் ஏற்றினோம். பக்கிரிசாமி எங்கள் கிராம உதவியாளர். என்னைவிட மூன்று வயது மூத்தவர், பொறுமையில் முப்பது வயது மூத்தவர். மதகில் கடைசி மூட்டையை இறக்கிவிட்டு, "நம்ம ஊர இவ்வளவு சுத்திப் பாத்தது இந்த மூட்டைவொதான் சார்" என்றார். சிரிப்பு வந்தது. கோபமாக இருந்ததால் சிரிக்கவில்லை.

பிறகு கடற்கரை. மீனவப் பஞ்சாயத்துத் தலைவர் வைரக்கண்ணு வலையை உதறிக்கொண்டே பேசினார்.

"போன வருசமும் இப்புடித்தான் மைக்குப் போட்டிய. ஊரே கெளம்பிப் போனோம். காத்து ஆந்திராவுக்குப் போயிட்டுது. ரெண்டு நாளு உப்புமா தின்னதுதான் மிச்சம்."

"இந்த தடவ சாம்பார் சாதம்."

"நாகையில எத்தனாம் நம்பரு கூண்டு ஏத்திருக்கான், சொல்லுங்க. மூணா? மூணுக்கெல்லாம் எங்கூருல கோழிகூட கூட்டுக்குள்ள போவாது சார்."

ஒன்பது ஏற்றிய பிறகு என்னைக் கூப்பிடக் கூடாது என்றேன். "கூப்புட மாட்டோம், ஒங்களுக்கு மாடி வூடு, நீங்க பத்திரமா இருங்க" என்றார். இவரிடம் எப்போதும் கடைசி வார்த்தை எனக்குக் கிடைத்ததில்லை.

வடக்குத் தெருவில் முப்பத்தொரு வீடு. முப்பதுக்கு நானே படியேறிச் சொன்னேன். கடைசி வீட்டுக்குப் பக்கிரிசாமியை அனுப்பிவிட்டு, வைரக்கண்ணுவின் படகைக் கட்டியிருந்த கயிறு உறுதியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றேன். கயிற்றைப் பற்றி எனக்கு என்ன தெரியும்?

சாப்பிடும்போது செங்கமலம் கேட்டாள்.

"அபி வூட்டுக்குப் போனீங்களா?"

"பக்கிரிசாமி போனாரு."

"ஒம்பதாவது மாசம் பொறந்துட்டுதுங்க. மாப்பிள்ள கொச்சியில மீன்புடி போட்டுக்குப் போயிருக்காரு. மாமியாரும் அவளுமா அந்தக் கூரைக்குள்ள..."

"மாப்பிள்ளைனு யாரச் சொல்ற?"

சாப்பாடு அத்துடன் முடிந்தது.

எழுதித்தான் விடுகிறேனே. அபிநயா எங்கள் ஒரே பெண். பதினான்கு மாதத்துக்கு முன் கலையரசன் என்ற மீனவப் பையனைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் கல்யாணம் செய்துகொண்டாள். நான் போகவில்லை. ஊர் என்ன சொல்லும் என்று அன்றைக்குக் கத்தினேன். ஊர் மூன்று நாள் பேசிவிட்டு அடுத்த சோலியைப் பார்க்கப் போய்விட்டது. நான்தான் இன்னும் அங்கேயே நிற்கிறேன்.

கல்யாணமாகி இரண்டாவது மாதம், எங்கள் அட்டையிலிருந்து அவள் பெயரை நீக்கி அங்கே சேர்க்க விண்ணப்பம் போட்டாள். குடும்பத் தலைவரின் போனுக்கு ஓடிபி வரும், அவர் அந்த எண்ணைச் சொன்னால்தான் பெயர் நீங்கும். எண் வந்தது. கூடவே அவள் அழைப்பும் வந்தது. போனைக் கவிழ்த்து வைத்தேன். மூன்று முறை இப்படி நடந்தது. பத்து நிமிடத்தில் காலாவதியாகிவிடும் எண்தானே. கோபம் என்று செங்கமலம் நினைக்கிறாள். கோபம்தான்.

நவம்பர் 19, புதன்

ஜெனரேட்டர் வந்தது, டீசல் வரவில்லை. மரம் அறுக்கும் மெஷின் வந்தது, சங்கிலி வரவில்லை. பள்ளிக்கூடத்தில் முகாம் என்று எழுதிக்கொடுத்து இரண்டு நாளாகிறது. தலைமையாசிரியர் சாவியோடு மைத்துனி கல்யாணத்துக்குப் போயிருக்கிறார். பூட்டை உடைத்தேன். "பூட்டை உடைத்த புகைப்படம்" மட்டும்தான் யாரும் கேட்கவில்லை.

ஒரே ஆறுதல் ஜேசிபி. ஆப்பரேட்டர் முருகையனோடு முழுதாக வந்து சேர்ந்தது.

நம்மூர் நர்ஸ் பேறுகால விடுப்பில் இருக்கிறார். அவருக்குப் பதிலாக அற்புதமேரி என்று ஒருவரைப் போட்டிருக்கிறார்கள். ஊரே தெரியாது, ஆனால் வேலையில் சுறுசுறுப்பு. பிரசவ தேதி நெருங்கிய ஆறு பேரைப் புயலுக்கு முன்பே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப் பட்டியலோடு வந்தார். மூன்றாவது பெயர் அபிநயா. பெயரைப் பார்த்தேன். சட்டென்று அடுத்த பக்கத்தைத் திருப்பிக் கையெழுத்துப் போட்டேன்.

சாயங்காலம் செங்கமலம் கிளம்பி நின்றாள். கையில் தூக்குவாளி. வாரத்துக்கு இரண்டு முறை அந்தத் தூக்குவாளி வீட்டில் இருக்காது. எனக்குத் தெரியாது என்று அவள் நினைப்பு.

"நான் போயி அபியக் கூட்டியாந்துடுறேன்."

"லிஸ்டுல அவ பேரு இருக்கு. ஆம்புலன்ஸ் வாசலுக்கே வரும். ஆஸ்பத்திரியில டாக்டரு இருப்பாங்க. இங்க யாரு இருக்கா, நீயும் நானுமா பிரசவம் பாக்கப் போறோம்?"

"நெசமா பேரு இருக்கா?"

"நானே பாத்தேன்."

தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டாள். முப்பது வருஷத்தில் என் வார்த்தையை அவள் சந்தேகப்பட்டதில்லை.

நவம்பர் 20, வியாழன்

நாகையில் எட்டாம் எண் கூண்டு. வைரக்கண்ணு காலையிலேயே தேடிக்கொண்டு வந்தார். கூண்டுக்காக இல்லையாம். "தண்ணி நெறம் மாறிட்டுது சார், வாடையும் சரியில்ல" என்றார். மூன்று நாளாக நான் தொண்டை வற்றக் கத்தியதைக் கடல் ஒரே நிறத்தில் சொல்லிவிட்டது. மத்தியானத்துக்குள் படகுகளை எல்லாம் மேட்டுக்கு இழுத்து, பறக்காமல் இருக்க உள்ளே மணலைக் கொட்டிவிட்டார்கள். என்னுடைய நாற்பது மூட்டையைவிட அதில் அதிக மணல்.

ஆட்டோவில் மைக் கட்டி நானே பேசினேன். "நாளை காலை பதினோரு மணிக்குப் பஸ் வரும். துணிமணி, அட்டை, மருந்து மட்டும் எடுத்துக்கொள்ளவும். கர்ப்பிணிப் பெண்கள் பஸ்ஸில் ஏறக் கூடாது. அவர்களுக்குத் தனி ஆம்புலன்ஸ் வீட்டு வாசலுக்கே வரும். வாசலிலேயே காத்திருக்கவும்." போன வருஷம் நெரிசலில் ஒரு கர்ப்பிணி பஸ் படியிலிருந்து விழுந்தாள், அதனால் இந்த ஏற்பாடு. ஏற்பாடு என்னுடையது. தாசில்தாரே பாராட்டிக் குழுவில் கட்டைவிரல் போட்டார்.

வடக்குத் தெருவில் ஆட்டோ திரும்ப இடமில்லை, கடைசி வரை போய்த்தான் திரும்ப வேண்டும். கடைசி வீட்டு வாசலில் யாரோ நின்றார்கள். நான் எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டு பேசினேன். ஆம்புலன்ஸ் வரும் என்ற அந்த வாக்கியத்தை மட்டும் இரண்டு தடவை சொன்னேன்.

நவம்பர் 21, வெள்ளி, பகல் 1 மணி

பஸ் வந்து போய்விட்டது. வடக்குத் தெரு காலி என்று பக்கிரிசாமி சொன்னார். முகாமில் அறுநூற்றுச் சொச்சம் பேர். செங்கமலம் வீட்டைப் பூட்டிவிட்டு இங்கே சமையலுக்கு வந்துவிட்டாள். சாம்பார் சாதம்தான். வைரக்கண்ணு உப்பு குறைவு என்கிறார்.

போனில் மூன்று தவறிய அழைப்புகள், எல்லாம் ஒரே எண். அந்த எண்ணை நான் பெயர் போட்டு வைத்துக்கொள்ளவில்லை. மனப்பாடம். தாசில்தார் லைனில் இருந்தார், எடுக்க முடியவில்லை. அவர் லைனில் இல்லாத நாளிலும் எடுத்ததில்லை. ஆம்புலன்ஸில் ஏறிவிட்டேன் என்று சொல்லத்தான் கூப்பிட்டிருப்பாள். இப்போது டவர் இல்லை.

நவம்பர் 22, சனி, காலை

இப்போதுதான் எழுத உட்கார நேரம் கிடைத்தது.

நேற்று மாலை ஐந்து மணி. காற்று முழு வேகத்துக்கு வரவில்லை, ஆனால் பள்ளிக்கூட மைதானத்துப் புங்க மரம் தரையைத் தொட்டுத் தொட்டு எழுந்துகொண்டிருந்தது. அற்புதமேரி ஆஸ்பத்திரியிலிருந்து நனைந்தபடி வந்து பட்டியலைக் கொடுத்தார்.

"அஞ்சு பேரச் சேத்தாச்சு சார். எல்லாரும் நல்லா இருக்காங்க."

"ஆறு பேருல்ல?"

"ஒருத்தங்க வீடு பூட்டியிருந்துதாம். காங்கிரீட் வீடுதான்னு உங்க லிஸ்டுலயும் இருந்துது, அதான் நான் கவலப்படல."

டிரைவர் பேனாவில் எழுதியிருந்தார்: அபிநயா, மேலத்தெரு 2/14. வீடு பூட்டியுள்ளது. பாதுகாப்பான இடத்துக்குச் சென்றுவிட்டார்.

முப்பது வருஷமாக வரி ரசீதிலும் கரண்ட் அட்டையிலும் பார்த்த என் கதவு எண். அட்டையில் நான் நீக்க விடாத பெயர், அட்டையில் உள்ள விலாசத்தோடு நர்ஸின் பட்டியலில் ஏறி ஆம்புலன்ஸுக்குப் போயிருக்கிறது. என் வாசலில் வண்டி வந்து நின்று, ஹாரன் அடித்து, திரும்பிப் போயிருக்கிறது.

பக்கிரிசாமியைக் கூப்பிட்டேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

"வடக்குத் தெரு கடைசி வீடு. பாத்தீங்களா இல்லியா?"

"பாத்தேன் சார். பாப்பா வாசல்ல பையோட நின்னுச்சு. மாமியாளும் நின்னாவொ. ஆம்புலன்ஸு வரும்னு சொன்னிச்சு. நீங்கதான பஸ்ஸுல ஏத்தக் கூடாதுன்னிய?"

நான்தான். எல்லாவற்றையும் நான்தான் சொன்னேன்.

செங்கமலம் கரண்டியோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அழவில்லை. பக்கத்தில் வந்து என் முகத்தைப் பார்த்தாள்.

"நானே பாத்தேன்னிங்களே" என்றாள். பிறகு, "அவ இல்லாம இந்த வாசப்படிய மிதிக்காதிங்க" என்றாள்.

ஆட்டோ போகாது, மரம் விழுந்து கிடக்கிறது. முருகையனிடம் போனேன். "காத்துல வண்டி சாஞ்சாலும் சாஞ்சிடும் சார், எழுதிக் குடுப்பீங்களா?" என்றார். எழுதிக் கொடுக்கிறேன் என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "வேண்டாம், ஏறுங்க" என்றார்.

ஒன்றரைக் கிலோமீட்டருக்கு முக்கால் மணி நேரம். இரண்டு தென்னையைத் தள்ளிவிட்டுப் போனோம். வடக்குத் தெருவில் முழங்கால் உயரத்துக்குக் கடல் தண்ணீர். நான் பயந்தேன். எழுதுவதற்கு வெட்கமில்லை. தெருக் கடைசி வரை வாய்விட்டு அவள் பெயரைச் சொல்லிக்கொண்டே போனேன்.

கூரையின் ஒரு பக்கம் போய்விட்டிருந்தது. மீதிக் கூரையின் கீழே, வாசற்படிக்கு உள்பக்கமாக, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கால் தண்ணீருக்குள். மடியில் பை, பைக்கு மேல் பாலிதீன் உறையில் சுற்றிய பிரசவ அட்டை. மாமியார் தையல்நாயகி நாற்காலியைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டு நின்றார்.

விளக்கு வெளிச்சம் கண்ணில் பட்டதும், "ஆம்புலன்ஸா?" என்றாள். பிறகுதான் என்னைப் பார்த்தாள்.

"அப்பா?"

"ஏம்மா பஸ்ஸுல ஏறல?" இதைத்தான் கேட்டேன். கேட்க வேறு எவ்வளவோ இருந்தது.

தையல்நாயகிதான் பதில் சொன்னார். "நான் படிச்சிப் படிச்சிச் சொன்னேன், வா பஸ்ஸுல போயிடுவோம், வண்டி வராதுன்னு. கேக்கல. எங்கப்பா மைக்குல ரெண்டு தடவ சொன்னாங்க, எனக்குத்தான் சொன்னாங்க, வண்டி வரும்னு ஒரே புடியா ஒக்காந்துட்டுது."

அபி தலையைக் குனிந்துகொண்டாள். "பதினாலு மாசமா ஒங்க கொரல அப்பதாம்பா கேட்டேன்" என்றாள்.

அந்த நேரத்தில் கூரையோடு நானும் பறந்து போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவளைக் கேபினுக்குள் முருகையன் பக்கத்தில் உட்கார வைத்தோம். வேறு ஆளுக்கு அங்கே இடமில்லை. நானும் தையல்நாயகியும் முன்னால் மண் அள்ளும் வாளிக்குள் உட்கார்ந்தோம். பதினான்கு மாதம் வாசலில்கூட நிற்காதவன், மழையில், ஜேசிபி வாளிக்குள், சம்பந்தியம்மாவோடு முட்டி இடிக்க உட்கார்ந்து வந்தேன். ஒவ்வொரு பள்ளத்திலும் அவர் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "சம்பந்தி, விளிம்பக் கெட்டியா புடிச்சுக்குங்க, விழுந்துடாதிய" என்றார். பிடித்துக்கொண்டேன்.

திரும்பிப் பார்த்தபோது கண்ணாடிக்குள் அபி வயிற்றில் கை வைத்தபடி எங்கள் இரண்டு பேரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அழுகையும்தான்.

முகாமில் செங்கமலம் அவளைக் கட்டிக்கொண்டாள். அற்புதமேரி வயிற்றில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, துடிப்பு நன்றாக இருக்கிறது என்றார். என் பக்கம் யாரும் வரவில்லை. வைரக்கண்ணு மட்டும் ஒரு தட்டில் சாதம் கொண்டு வந்து வைத்தார். "உப்பு போட்டாச்சு சார், தின்னுங்க" என்றார்.

இரவு பன்னிரண்டுக்குப் புயல் கரையைக் கடந்ததாகச் சொன்னார்கள். அதைப் பற்றி எழுத என்னிடம் ஒன்றுமில்லை.

நவம்பர் 23, ஞாயிறு

உயிர்ச்சேதம்: இல்லை. கட்டம் கட்டி எழுதச் சொன்னார்கள், எழுதினேன்.

நவம்பர் 24, திங்கள்

அரசாங்க டைரியில் எழுதினேன்: "கர்ப்பிணிகள் ஆறு பேரும் பாதுகாப்பாக அப்புறப்படுத்தப்பட்டனர்." பொய் இல்லை. அடித்துவிட்டு முழுதும் எழுதினேன்: அட்டைப் பதிவேட்டை வைத்துப் பட்டியல் தயாரித்தது என் தவறு, நேரில் செல்லவில்லை. தாசில்தார் படித்துவிட்டு, "இதெல்லாம் எதுக்குய்யா எழுதுற, மாத்தி எழுது" என்றார். மாற்ற மாட்டேன் என்றேன். விளக்கம் கேட்டுக் கடிதம் வருமாம். வரட்டும்.

நவம்பர் 27, வியாழன்

இன்றைக்குத்தான் டவர் வந்தது. வந்ததும் முதல் அழைப்பு கொச்சியிலிருந்து. அபி பேசிவிட்டு என்னிடம் நீட்டினாள். "மாமா" என்றான் அந்தப் பக்கம். "சாப்புட்டியாப்பா?" என்று கேட்டேன். கேட்ட பிறகு செங்கமலம் அடுக்களைக்குள் போய்ச் சிரித்தாள். எனக்குக் கேட்கட்டும் என்றுதான் சிரித்தாள்.

அபியும் சம்பந்தியம்மாவும் இங்கேதான் இருக்கிறார்கள். அந்த வீட்டில் கூரையும் இல்லை, சுவரும் பாதிதான். இன்றைக்குச் சேதப் பட்டியல் கொடுக்க வேண்டும். இந்த முறை இருநூற்றுப் பதினான்கு வீட்டுக்கும் நானே நடந்தேன். வைரக்கண்ணு, "சார், அன்னிக்கு முப்பது வூட்டோட திரும்பிட்டிய, இன்னிக்கு முப்பத்தொண்ணா?" என்றார். இந்த ஆளுக்குத் தெரியாத விஷயம் ஊரில் ஒன்றுமில்லை. ஆமாம் என்றேன்.

மாலையில் பட்டியலை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது அபி எதிரில் வந்து உட்கார்ந்தாள். கையில் போன்.

"அப்பா, அந்த வூட்டு அட்டையில என் பேரு இருந்தாத்தான் எனக்கும் நிவாரணம் எழுத முடியுமாம். புள்ள பொறந்தா அதையும் அங்கதான் சேக்கணும். திருப்பி விண்ணப்பம் போட்டிருக்கேன்." கையிலிருந்த போனைத் திருப்பிக் காட்டினாள். "ஒங்க போனுக்கு ஒரு நம்பரு வரும்."

வந்தது. மேசை மேல் போன் ஒரு முறை அதிர்ந்து அடங்கியது. ஆறு இலக்கம். கவிழ்த்து வைக்கக் கை போனது. பழக்க தோஷம்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு இலக்கமாகப் படித்தேன். நாலாவதை வாய்க்குள்ளேயே சொல்லிவிட்டேன்.

"கேக்கலப்பா. மொதல்லேருந்து சொல்லுங்க."

முதலிலிருந்து சொன்னேன்.

பிறகு பட்டியலை முடித்தேன். வடக்குத் தெரு கடைசி வீடு, கூரை வீடு, முழுச் சேதம்: மூன்று பேர். டீ கொண்டு வந்த செங்கமலம் தோளுக்கு மேலாகப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் பேனாவைத் தாளிலிருந்து எடுக்காமல் எழுதினேன். மேலத்தெரு 2/14, காங்கிரீட் வீடு, சேதம் இல்லை: இரண்டு பேர்.